நோயுற்ற இல்லறத்தார்க்குப் பொருட்சிந்தனை பாவமாகுமோ?

அறநெறி பேசும் ஏட்டில் வங்கிக் கணக்கும் உயிலும் பவர் பத்திரமும் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நம் வீடுகளில் முற்றிய புற்றுநோயுடன் வாழ்வோர் இன்று பலர் உளர். பார்க்கச் செல்லும் நாம் பழம் கொடுக்கின்றோம், தீர்த்தம் கொடுக்கின்றோம், "பஞ்ச நமஸ்கார மந்திரத்தை விடாமல் சொல்லுங்கள்" என்று கூறி எழுந்து வருகின்றோம். அவர் நெஞ்சில் கிடந்து உழற்றும் பொருட்கவலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம் என்று வீட்டார் முகம் சுளிப்பர். "நோயில் கிடக்கும்போதும் காசு நினைப்பா?" என்று வெளியார் ஏசுவர். இவ்விரண்டும் அறநெறிக்கு ஒத்தவையல்ல என்பதே என் கருத்து.

முதற்கண் நோயைப் பற்றி ஒரு சொல். அசாதா வேதனீய கர்மத்தின் உதயத்தால் உடலுக்குத் துன்பம் நேர்கிறது என்று நம் ஆகமம் கூறுகிறது. அது தத்துவம், தன்னைத் தான் தேற்றிக்கொள்வதற்கும், பிறர்மேல் பழி சுமத்தாதிருப்பதற்கும் உரியது. நோயாளியின் கட்டிலருகே நின்று, "என்ன கர்மம் செய்தீர்களோ" என்று பெருமூச்சு விடுவதற்கு அது உரியதன்று. அவ்வாறு பேசுவோர் தத்துவத்தைச் சொல்லவில்லை. வாயால் ஹிம்சை செய்கின்றனர். கர்மம்தானே, மருந்து எதற்கு என்பாரும் உண்டு. கர்ம உதயம் உண்மையாயின், மருந்தும் மருத்துவரும் நல்ல நிமித்தங்கள் என்பதும் உண்மையே. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது எதனால்? மருந்து வீண் என்றால் அதைத் தருவது எப்படித் தானமாகும்?

இனிப் பொருளுக்கு வருவோம். தியானம் நால்வகை, அவற்றுள் ஆர்த்த தியானம் தீவினையைக் கட்டுவது. விரும்பியதைப் பிரிதல், விரும்பாததைச் சேர்தல், உடல் வேதனை, வருங்காலப் போகத்தில் ஆசை ஆகிய இந்நான்கையும் பற்றி மனம் ஓயாமல் சுழல்வதே ஆர்த்த தியானமாகும். முற்றிய நோயில் கிடப்பவர்க்கு முதல் மூன்றும் ஒருசேர வந்து நிற்கின்றன. அதன்மேல் தீராத கணக்கு ஒன்றும் இருந்துவிட்டால், இரவு இரண்டு மணிக்கு அவர் மனம் எங்கே செல்லும்? ஜினபிம்பத்தின் முன்பா, அடகுக் கடையின் முன்பா?

என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். என்னினும் இளையவர், என்னை அக்கா என்றே அழைப்பார். கணவரை இழந்தவர். சூல்பையில் தோன்றிய புற்று கல்லீரலுக்கும் பரவிய பின்னரே அவருக்கு நோய் இன்னதென்று தெரிந்தது. நாள்தோறும் சாமாயிகம் செய்த அம்மையார் அவர். ஒருநாள் என்னிடம், "அக்கா, மந்திரம் சொல்ல உட்காருகிறேன், மூன்றாம் அடிக்குள் சீட்டுப் பணம் நினைவுக்கு வந்துவிடுகிறது. என்னால் முடியவில்லை" என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். அவருக்கு இருந்தவை இவைதாம்: ஊரில் ஒரு சீட்டு, இன்னும் ஆறு தவணை, மருமகளின் நகை தம் பெயரில் அடகில் இருந்தது, வைப்புநிதி ஒன்றுக்கு நாமினியாக மறைந்த கணவரின் பெயரே நின்றது, ஒன்றேகால் ஏக்கர் வயலின் பட்டா மாமனார் பெயரில் கிடந்தது, வீட்டு வேலை செய்த பெண்ணுக்குக் கைமாற்றாகக் கொடுத்த 12,000 ரூபாய் பற்றி மகனுக்குத் தெரியாது, ஊர் ஜினாலயத் திருப்பணிக்கு 10,000 ரூபாய் தருவதாக வாக்களித்ததும் நிறைவேறாமல் இருந்தது.

நாங்கள் இருவரும் 1970களில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழையக்கூடாது என்று அடித்துச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். எனவே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என எழுதத் தொடங்கினோம். வர வேண்டியது, தர வேண்டியது, பத்திரம் எங்கே இருக்கிறது, யார் செய்து முடிப்பது என்று நான்கு வரி. மூன்று மாலைகளில் முடிந்துவிட்டது. நோய் குறையவில்லை, ஆனால் அவர் உறங்கினார்.

இது ஏதோ உலகியல் உபாயம் என்று எண்ண வேண்டா. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பரிக்ரக பரிமாணம் ஒன்றன்றோ? நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஆடை, பாத்திரம் என எண்ணி, இவ்வளவு போதும் என்று வரையறுப்பது அவ்விரதம். எண்ணாமல் வரையறுப்பது எங்ஙனம்? தன்னிடம் இருப்பது இன்னதென்று அறியாதவன் அதை விட்டுவிட்டேன் என்று சொல்வதற்குப் பொருளில்லை. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டகமும், அதன் வழி நின்ற நம் அருங்கலச்செப்பும் சிராவகர் ஒழுக்கத்தை வரிசைப்படுத்துகின்றன. இறுதிக் காலத்திற்கு ஆசாரியர் வகுத்த வரிசையில் உணவைக் குறைத்தல் முதலில் வருவதில்லை. அன்பு, பகை, பற்று, உடைமை ஆகியவற்றை விடுதலும், உற்றாரிடமும் பணியாட்களிடமும் இனிய சொல்லால் பொறுத்தருள வேண்டுதலும், தாமும் அவர்களைப் பொறுத்தலும் முன்னே நிற்கின்றன. உடைமையை விடுதல் என்பது இக்காலத்தில் வங்கியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கையொப்பமிட்டே நடைபெறுகின்றது.

ஆகவே சில செய்திகளை விரிவாகக் கூறுகின்றேன். பொறுமையுடன் படியுங்கள்.

நோய் முற்றியது என்று தெரிந்தவுடன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இச்சிகிச்சை நோயைக் குணமாக்குமா, ஆயுளைச் சிறிது நீட்டுமா, வலியைத் தணிப்பதற்கு மட்டுமா? இம்மூன்றில் எது என்று தெளிவாகத் தெரிந்த பின்னரே நிலத்தை விற்பதைப் பற்றிப் பேச வேண்டும். நம்மவர் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றனர். முதலில் வயலுக்கு முன்பணம் வாங்குகின்றனர். பிறகு மருத்துவமனையைத் தேடுகின்றனர். செலவைக் கேட்பது நோயாளியை மதிக்காமை ஆகாது. அவர் கேட்க விரும்பி, கேட்க நாணும் கேள்வி அதுவே.

தமிழ்நாட்டில் இந்நோய்க்குப் பெயர்பெற்ற இடங்கள் உள. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 சனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது அதன் அளவு. "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று கேட்காமலே இருந்துவிடும் குறுநில விவசாயக் குடும்பங்களை நான் அறிவேன். வருமானச் சான்று பெற்று விண்ணப்பித்துப் பார்ப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஓய்வூதியர்க்குத் தனிக் காப்பீடு உண்டு; மாதந்தோறும் ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யப்படுவது அதற்குத்தான். அவ்வட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

இரயிலில், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணமில்லை. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றுடன் சீட்டு எடுக்க வேண்டும். பழைய வரிமுறையில் வருமான வரி செலுத்தும் மூத்த குடிமக்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தாம் செலவிட்டதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கழித்துக் காட்டலாம். இதற்குச் சிறப்பு மருத்துவரின் மருந்துச் சீட்டு வேண்டும். எனவே மருந்துச் சீட்டையும் ரசீதையும் எறிந்துவிடாது ஒரே பையில் போட்டு வையுங்கள்.

உணவைப் பற்றி ஓர் இடைச்சொல். புரதம் வேண்டும், நாள்தோறும் முட்டை கொடுங்கள் என்று மருத்துவமனைத் தாளில் எழுதித் தருவர். அதைக் கண்டு அஞ்சவும் வேண்டா, சண்டையிடவும் வேண்டா. நாங்கள் சமணர் என்று சொன்னால், பருப்பு, பால், தயிர், நிலக்கடலை, பொட்டுக்கடலை கொண்டு அளவிட்டுத் தரும் உணவியலார் பல மருத்துவமனைகளில் உள்ளனர். கேட்பதே வேண்டியது.

வங்கிச் செய்தி இதைவிட இடர் மிகுந்தது. கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும், கையொப்பம் மாறிவிடும். சில வகைப் புற்றுநோய் மாத்திரைகள் உள்ளங்கைத் தோலை உரித்துக் கைரேகையையே தேய்த்துவிடுகின்றன. ஆதார்க் கருவியில் விரல் வைத்தால் ஏற்காது. மேற்சொன்ன ஆசிரியைக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஒரு வங்கிக் கிளையில் அவரை மூன்று முறை அலையவிட்டனர். கையொப்பமிட இயலாத நோயாளியின் பெருவிரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் முன் பெறலாம். அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறையே உள்ளது. 70 வயது கடந்தோர்க்கும் நடமாட இயலாதோர்க்கும் வீட்டிற்கே வந்து சேவை அளிக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் அறிவுறுத்தலும் வந்தது. இதைப் பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொன்ன பின், நான்காம் முறை அலுவலர் வீட்டிற்கே வந்தார். ஓய்வூதியர் வாழ்வுச் சான்றைக் கைரேகையின்றி முக அடையாளம் கொண்டு கைப்பேசியிலேயே தரும் வசதியும் 2021 முதல் உள்ளது.

நடப்புக்கு வேண்டிய பணம் உள்ள ஒரு கணக்கையேனும், இருவருள் எவரும் இயக்கலாம், எஞ்சியிருப்பவர்க்கு உரியது என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுதல் நலம். கையொப்பம் சீராக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நாமினி பெயர் உயிரோடிருப்பவர் பெயராக உள்ளதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாக, இன்னார்க்கு இத்தனை விழுக்காடு எனக் குறிக்கலாம். ஆயினும் ஒன்றை மறவற்க: நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே அன்றி, பொதுவாக அதன் சொந்தக்காரர் அல்லர். ஆயுள் காப்பீடு பற்றி 1983இலும், பங்குகள் பற்றி 2023இலும் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரைக் காப்பீட்டுக்கு நாமினியாக்கினால் பணம் அவர்க்கே உரியது என்பது மட்டும் 2015இல் சட்டத் திருத்தத்தால் வந்த விலக்கு. அண்ணன் பெயர் இருக்கிறது, ஆகவே தங்கைக்கு ஒன்றுமில்லை என்று நம் வீடுகளில் பேசுவது அறியாமையால் விளைவது.

பவர் பத்திரம் பற்றிய மயக்கமும் இத்தகையதே. அது கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அவர் கண்மூடிய கணமே பத்திரமும் இறந்துவிடுகிறது. அதன் பிறகு அதைக் காட்டி விற்பதும், மறைந்தவரின் ஏடிஎம் அட்டையைக் கொண்டு பணம் எடுப்பதும் முறையல்ல. இன்னும் வெளிப்படையாகச் சொல்கின்றேன்: தாய் இறந்ததைத் தெரிவிக்காமல் இரண்டு மூன்று மாத ஓய்வூதியத்தை எடுத்துச் செலவிட்டு, "அம்மா பணம்தானே" என்பாரைக் கண்டிருக்கின்றேன். அது அம்மா பணம் அன்று. அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். கொடாததை எடுத்தல் களவு. ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதை அம்மாவின் பதினாறாம் நாளுக்குள் முறிக்க வேண்டுமா?

உயில் எழுதுதல் மரணத்தை அழைப்பதாகும் என்ற அச்சத்தை நம் பெரியோர் விட வேண்டும். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் இரு சாட்சிகள் காணக் கையொப்பமிட வேண்டும். அவ்விருவரும் அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பங்கு பெறுவோர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்தால் பின்னாளில் வாதம் குறையும். நோயாளி வர இயலாவிடில், விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் சார்பதிவாளர் வீட்டிற்கே வருவார். வலிக்குக் கடுமையான மருந்து எடுப்பவராயின், அன்று தெளிந்த அறிவுடன் இருந்தார் என மருத்துவர் ஒருவரின் சான்றையும் இணைத்துவைக்க வேண்டும். பிறகு ஐயப்படுவோர் முதலில் கேட்பது அதைத்தான்.

உயிலின்றி ஒருவர் இறந்தால் சமணர்க்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். ஆண்மகன் தானே தேடிய சொத்தை மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர்க்குச் சமமாகப் பங்கிடச் சொல்கிறது அச்சட்டம். தாய் என்னும் சொல்லைக் கவனியுங்கள். முதிய தாய் இருக்க மகன் முந்திக்கொள்ளும் வீடுகளில், அந்தப் பங்கை எல்லாரும் மறந்துவிடுகின்றனர். மகளைப் பற்றியோ சொல்லவே வேண்டா. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில், அப்போது மணமாகாதிருந்தோர்க்கு, 1989லும் நாடு முழுவதும் 2005லும் வந்துவிட்டது. சீர் செய்துவிட்டோம், தீர்ந்தது என்பது சட்டமும் அன்று, அறமும் அன்று. மகளிடம் கேளாமலே விடுதலைப் பத்திரத்தை எழுதி வைத்துக் காத்திருக்கும் அண்ணன்மார், தந்தையின் நோய்ப்படுக்கையைச் சுற்றி நின்று பக்தாமரம் ஓதுவதை என் கண்ணால் கண்டிருக்கின்றேன்.

தானத்தைப் பற்றியும் மறைக்காமல் கூற வேண்டும். நோயாளி தாமே முன்வந்து ஜினாலயத்திற்கோ, முனிவர் ஆகாரத்திற்கோ, மாணவர் கல்விக்கோ தர விழைந்தால் மகிழ்ந்து ஏற்கலாம். ஆனால் சிகிச்சைக்கும், எஞ்சி வாழப்போகும் கணவனுக்கோ மனைவிக்கோ வேண்டியதையும் ஒதுக்கிய பின்பே தானம். திருப்பணிக் குழுவினர் ரசீதுப் புத்தகத்துடன் நோயாளி வீட்டிற்குச் செல்லாதிருப்பார்களாக. மேற்சொன்ன ஆசிரியை வாக்களித்த 10,000 ரூபாயை, அவருடைய ஊர்க் குழுத் தலைவர் தாமாகவே வந்து, "அம்மா, அது பிறகு ஆகட்டும், முதலில் உங்கள் மருந்து" என்றார். அன்று அவர் செய்தது எந்தத் திருப்பணிக்கும் குறைந்ததன்று.

இனி உள்ளத்தை மிகவும் வருத்தும் பகுதிக்கு வருகின்றேன். நோட்டில் எழுதி முடித்த சில வாரங்களில் அவ்வம்மையார், "அக்கா, வயலை விற்க வேண்டும் என்கிறான் மகன். பேரன் படிப்பு என்னாவது? நான் சல்லேகனை ஏற்றுக்கொள்கிறேன். எல்லாருக்கும் பாரம் குறையும்" என்றார். இதைக் கேட்டு, ஆஹா என்ன வைராக்கியம் என்று கைகூப்புவோர் நம்மிடையே உண்டு. நான் கைகூப்பவில்லை. தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. உயிர் வாழ ஆசை, சாக ஆசை, நண்பர்மீது பற்று, நுகர்ந்த இன்பத்தின் நினைவு, மறுமைப் பயன் வேண்டல் என்பன அவை. சாக ஆசைப்படுதலே குற்றமாயின், செலவுக்கு அஞ்சிச் சாக ஆசைப்படுதல் எத்தகையது? குடும்பத்தின் முகக்குறிப்பைப் பார்த்து எடுக்கும் முடிவு விரதம் ஆகாது. அது துயரம், தேற்ற வேண்டியது, போற்ற வேண்டியதன்று.

காஞ்சியோடு தொடர்புடையவராக நம் மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர் வரலாற்றை நினைவுகூருங்கள். பஸ்மக நோய் என்னும் அடங்காப் பசிநோய் அவரைப் பற்றியது. துறவு நெறியில் நின்று அந்நோய்க்கு உணவிட இயலாது. எனவே சல்லேகனைக்குக் குருவிடம் ஆணை வேண்டினார். வேண்டியவர் யார்? இரத்தினகரண்டகத்தை இயற்றிய பேரறிஞர். ஆயினும் குரு இசையவில்லை. உம்மால் அறத்திற்கு ஆக வேண்டியது உளது. வேடத்தைச் சிறிது காலம் நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு வருக என்றார். ஆசாரியர் அவ்வாறே செய்து, நோய் தீர்ந்து, மீண்டும் தீட்சை ஏற்றார் என்பது வரலாறு. அத்தகைய ஞானியே தம் விருப்பத்தால் முடிவெடுக்கவில்லை. குருவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். தீர்க்கவொண்ணா நிலை என்பது உறுதியாக வேண்டும். குருவின் ஆணை வேண்டும். கஷாயம் மெலிந்திருக்க வேண்டும். இவையின்றி உண்ணாதிருத்தலுக்கு அப்பெயரைச் சூட்டலாகாது. 2015 ஆகஸ்டு 10இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இவ்விரதத்தைத் தற்கொலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தபோது நாம் எவ்வளவு வருந்தினோம்! அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விரதம் வேறு, தற்கொலை வேறு என்று உலகின் முன் வாதாடிய நாம், நம் வீட்டுக்குள்ளேயும் அவ்வேறுபாட்டைக் காக்க வேண்டாவா?

சாக விரும்புதல் வேறு. பயனற்ற சிகிச்சையை வேண்டாவென விடுதல் வேறு. அவ்வம்மையாரின் மருத்துவரிடம் மகனும் நானும் சென்று, முன்னே கூறிய கேள்வியைக் கேட்டோம். அடுத்த மருந்து சில வாரங்களை நீட்டக்கூடும், அதுவும் உறுதியில்லை என்று அவர் ஒளிக்காமல் கூறினார். அதை அப்படியே நோயாளியிடம் சொன்னோம். அவர் இரு நாள் எண்ணிப் பார்த்து, அம்மருந்து வேண்டா, வலி தணிக்கும் சிகிச்சை போதும் என்றார். வயல் விற்கப்படவில்லை. ஆனால் வயலுக்காக அவர் முடிவெடுக்கவில்லை, அறிந்து எடுத்தார். அதன்பின் ஏழு மாதம் வாழ்ந்தார். ஜீவிதத்திலும் ஆசையில்லை, மரணத்திலும் ஆசையில்லை என்னும் நிலையை நான் ஏட்டில் படித்திருந்தேன். அவரிடம் ஓரளவு கண்டேன்.

இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் சட்டத்தில் வழியுண்டு. மீள இயலா நிலையில் உயிரை நீட்டும் கருவிகள் வேண்டா என எழுதிவைக்கும் முன்மருத்துவ ஆவணத்தை 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 சனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும்.

வலியைப் பொறுப்பது தவம்தானே, மார்பின் மருந்து மயக்கப் பொருளன்றோ என்று ஒரு சகோதரி கேட்டார். இருபத்திரண்டு பரீஷகங்களை வெல்லுதல் முனிவர்க்குரிய நெறி. இல்லறத்தான் அவ்வலிமையின்றிக் கதறிக்கிடந்தால் ஆர்த்த தியானமே பெருகும். மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்பின் வலியைத் தணித்து, மந்திரம் சொல்லும் அளவுக்கு மனத்தைத் திருப்பித் தருமாயின் அதனை ஔஷதமாகவே கொள்ளலாம். 2014இல் சட்டம் திருத்தப்பட்டதால் அதைப் பெறுவதும் முன்னினும் எளிதாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்புச் செய்வதும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

துணையிருப்போரையும் மறத்தலாகாது. பெரும்பாலும் மருமகளோ மணமாகாத மகளோ, தன் வேலையையும் உறக்கத்தையும் விட்டு இச்சேவை செய்கின்றாள். வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று என்று பிறர்க்கு எடுத்துரைக்கும் நாம், அவளுக்கு வாரத்தில் அரை நாள் ஓய்வு கொடுக்க மற்றவர் முறைவைத்து வர வேண்டும் என்பதை நினைப்பதில்லை. இரவுக்கு ஆள் வைத்தால் அவர் கூலி மாத இறுதிவரை நிலுவையில் நிற்கலாகாது. பழம் வாங்கிச் செல்லும் உறவினர், மருத்துவமனைக்குச் செல்லும் வாடகை வண்டிக்கு ஒருநாள் பணம் கொடுத்தால் அதுவும் ஔஷத தானத்தைச் சேர்ந்ததே.

இறுதியாக ஊர் ஜினாலயக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். தசலட்சணப் பருவத்தில் பத்து நாளும் சொற்பொழிவு வைக்கின்றீர்கள். ஆகிஞ்சன்ய தருமத்தைப் பேசும் ஒன்பதாம் நாளில், பூசை முடிந்த பின் ஒரு மணி நேரம் நம் சமுதாயத்து வழக்கறிஞர் ஒருவரையும் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவரையும் மண்டபத்தில் அமரச் செய்யுங்கள். நாமினிப் படிவமும் உயில் மாதிரியும் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பமும் அங்கே இருக்கட்டும். பெண்களும் வந்து கேட்கும்படி அறிவியுங்கள். பத்திரம் எந்தப் பெட்டியில் உள்ளது என்பதே தெரியாத இல்லத்தரசியர் இன்னும் பலர் உளர். நோட்டுப் புத்தகங்களை நான் வாங்கித் தருகின்றேன்.